மாவு கிழியாத பாட்டு

(வியன்னா, 1995. இலையுதிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை மாலை. கார்ல்-மார்க்ஸ்-ஹோஃப் குடியிருப்பில் ஒரு சமையலறை. மேஜை முழுக்க மாவு தூவிய வெள்ளைத் துணி, அதன் நடுவே எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவைத்த ஸ்ட்ரூடல் மாவு; மெல்லியதாக இழுத்து, ஆப்பிளை வைத்துச் சுருட்டிச் சுடும் பலகாரம். ஒரு பக்கம் பாட்டி, எதிர்ப்பக்கம் பேரன். ஜன்னலோரத்தில் சிடி பிளேயர்.)

பாட்டி: முதலில் அந்த மோதிரத்தைக் கழற்று.

பேரன்: எதற்குப் பாட்டி?

பாட்டி: ஸ்ட்ரூடல் மாவு இழுக்கும்போது மோதிரம் பட்டால் கிழிந்துவிடும்.

பேரன்: நான் வாங்கி வந்த ஆல்பத்துக்கு மூலமான புத்தகத்தின் கதையே இதுதான். டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. ஒரு மோதிரத்தைத் தொலைப்பதற்காக ஒருவன் ஆயிரம் பக்கம் நடந்தே போவான்.

பாட்டி: இதற்கு ஆயிரம் பக்கமா? உன் தாத்தா டானூப் ஆற்றில் குளிக்கப் போனார், திரும்பி வந்தபோது விரல் காலி. சரி, புறங்கையை மாவுக்கு அடியில் கொடு. நகம் படக்கூடாது. நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன், நீ அந்தப் பக்கம்.

பேரன்: அப்புறம் பாட்டு போடலாமா?

பாட்டி: போடு. வால்ட்ஸ்தானே?

(பேரன் முழங்கையால் பொத்தானை அமுக்குகிறான். முதலில் கீபோர்டு மட்டும் மெல்ல வருகிறது. பாட்டியின் முகம் மலர்கிறது. இரண்டு நிமிடம் போனதும் கிட்டார் இரைகிறது. ஒரு குரல் கிறீச்சிடுகிறது.)

பாட்டி: ஐயோ! யாருக்கோ தொண்டையில் மீன்முள் சிக்கிக்கொண்டது!

பேரன்: பாடுகிறார் பாட்டி. இது பிளாக் மெட்டல், இப்படிக் கத்திப் பாடும் ராக் இசை.

பாட்டி: நார்வேயில் தேவாலயத்தை எரித்தார்களே, அந்தக் கூட்டமா? ஃபான்டாஃப்ட் மரக்கோயில். 1992இல். பத்திரிகையில் படித்தேன்.

பேரன்: அவர்கள் வேறு. இவர்கள் எதையும் எரிப்பதில்லை, வீட்டில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறார்கள். குழுவின் பெயர் சம்மனிங். நம் வியன்னாக்காரர்கள்தான்.

பாட்டி: இந்த ஊரா? மோட்சார்ட் இருந்த ஊரில் இருந்துகொண்டா இப்படிக் கத்துகிறார்கள்? மொத்தம் எத்தனை பேர்?

பேரன்: இரண்டு பேர். சிலேனியஸ், புரொடெக்டர்.

பாட்டி: பெற்றவர்கள் வைத்த பெயரா?

பேரன்: தாங்களே வைத்துக்கொண்டது.

பாட்டி: அதுதானே பார்த்தேன். இரண்டு பேர்தான் என்றால் தாளம் அடிப்பது யார்?

பேரன்: யாரும் இல்லை. இந்த ஆண்டே 'லுக்பர்ஸ்' என்று முதல் ஆல்பம் வந்தது. அதில் டிரிஃபிக்ஷன் என்று ஒருவர் அடித்தார். அப்புறம் அவர் இல்லை. இதில் எல்லாம் இயந்திரத் தாளம்.

பாட்டி: ஆள் போனதும் வேறு ஆள் தேடவில்லையா?

பேரன்: தேடியிருந்தால் இந்த ஆல்பம் இப்படி வந்திருக்காது. மற்ற பிளாக் மெட்டல் குழுக்களில் தாளம் மழைக்காலத்துத் தகரக்கூரை மாதிரி விடாமல் கொட்டும். இதில் பாருங்கள், டும்... டும்... போர்முரசு மாதிரி நிதானமாக விழுகிறது.

பாட்டி: பேசிக்கொண்டே இழுக்காதே! உன் பக்கம் தடித்துக் கிடக்கிறது. அந்த டும்முக்கு ஒரு தரம் இழு. ஒன்று... விடு... ஒன்று... ம், பரவாயில்லையே. வால்ட்ஸ் போட்டால் நீ எப்போதும் மூன்றாவது தட்டில் கிழித்துவிடுவாய்.

பேரன்: நான் சொன்னேன் இல்லையா?

பாட்டி: நீ எங்கே சொன்னாய்? மாவு சொல்கிறது. ஆல்பத்தின் பெயர் என்ன?

பேரன்: 'மினாஸ் மார்குல்'. அது ஒரு கோபுரம். கட்டியபோது அதற்கு மினாஸ் இத்தில் என்று பெயர், அதாவது நிலவின் கோபுரம். ஒன்பது பேய்கள் இரண்டு வருஷம் முற்றுகையிட்டுப் பிடித்துக்கொண்டன. அப்புறம் பெயரையும் மாற்றிவிட்டார்கள்.

(பாட்டியின் கை ஒரு கணம் நிற்கிறது.)

பாட்டி: நம் வீட்டுக் கதைதான். 1934 பிப்ரவரி உள்நாட்டுச் சண்டையில் இந்தக் கட்டடத்தின்மேல் ராணுவம் பீரங்கியால் சுட்டது. எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு கிலோமீட்டர் நீளக் கட்டடம், எங்கே சுட்டாலும் குறி தப்பாது. பிடித்த பிறகு முதல் வேலையாகப் பெயரை மாற்றினார்கள். பழைய பெயர் திரும்பி வர 1945 ஆயிற்று. உன் கோபுரத்துக்குப் பழைய பெயர் கிடைத்ததா?

பேரன்: இல்லை பாட்டி. போரில் ஜெயித்த அரசர் அதை இடிக்கச் சொல்லிவிட்டார். நெடுங்காலத்துக்கு யாரும் குடியிருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

பாட்டி: இடிப்பதாவது! கழுவித் துடைத்து, வெள்ளையடித்து, வாடகைக்கு விட்டிருக்கலாம். இவ்வளவு பெரிய கட்டடம். அரசர் குடித்தனம் நடத்தி அறியாதவர்.

(மாவு இப்போது மேஜையின் நான்கு பக்கமும் தொங்குகிறது. தடித்த விளிம்பைப் பாட்டி கத்திரிக்கோலால் வெட்டி எடுக்கிறாள்.)

பாட்டி: பத்திரிகையை எடு. அடியில் வைத்தால் எழுத்து தெரிய வேண்டும். அதுதான் பதம்.

பேரன்: பத்திரிகையில் நீ ஆப்பிள் தோலைக் கொட்டிவிட்டாய். இந்த சிடியின் தாளை வைக்கிறேன், பாட்டுப் பெயர் எல்லாம் இருக்கிறது.

(தாளை மாவுக்கு அடியில் நுழைக்கிறான். பாட்டி மூக்குக் கண்ணாடியை மாவுக் கையால் ஏற்றிவிட்டுக் குனிகிறாள்.)

பாட்டி: மூன்றாவது... சாம்பல் நிறக் கூட்டம் கடந்து போகிறதாம். நான்காவது, மோர்த்தாண்ட். இது யார்?

பேரன்: ஆறு. அந்தக் கூட்டம் செத்தவர்களின் பாதை வழியாக மலைக்குள் புகுந்து, வெளியே வரும் இடம் அந்த ஆற்றின் பள்ளத்தாக்கு.

பாட்டி: ஐந்தாவது, வீடு நோக்கி நடை. ஏண்டா, மூன்றாவது பாட்டில் கிளம்பினார்கள், நான்காவதில் மலையைத் தாண்டினார்கள், ஐந்தாவதில் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். சண்டை எங்கே?

பேரன்: எட்டாவதில். 'டாகோர் பிராகொல்லாக்'. திடீர்த் தீயின் போர். சமவெளி முழுக்க எரிந்துபோகும்.

பாட்டி: வீட்டுக்குப் போன பிறகா சண்டை?

பேரன்: அது வேறு சண்டை பாட்டி. பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது.

பாட்டி: வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை இவர்களுக்கு. ஏழாவது என்ன, உங்கோலியாந்த்?

பேரன்: ராட்சதச் சிலந்தி. உலகத்துக்கு வெளிச்சம் தந்த இரண்டு மரங்களை உறிஞ்சிக் குடித்துவிட்டது. அப்புறமும் பசி அடங்கவில்லை.

பாட்டி: உன் அத்தை மாதிரி. சரி, எழுத்து நன்றாகவே தெரிகிறது. தாளை எடுத்துவிடு. ரொட்டித்தூளைக் கொட்டு, ஆப்பிளைப் பரப்பு. திராட்சையைத் தின்னாதே.

(குரல் நின்று, கீபோர்டில் எக்காளம் போல ஒரு மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. பாட்டி பட்டைத்தூளைத் தூவியபடி அதையே முணுமுணுக்கிறாள்.)

பேரன்: பாட்டி, நீ பாடுகிறாய்!

பாட்டி: நான் எங்கே பாடினேன்? அதுவாக வருகிறது. அந்த எக்காளம் நிஜம் இல்லைதானே? பொம்மைக்கடை எக்காளம் மாதிரி இருக்கிறது. மெட்டு மட்டும் பழசு. சந்தைக்கு வருகிற பாண்டு வாத்தியக்காரர்கள் வாசிப்பது மாதிரி. இதன் மேல் எதற்கு அந்த மீன்முள்காரர்?

பேரன்: அவர் இல்லாவிட்டால் பிளாக் மெட்டல்காரர்கள் வாங்க மாட்டார்கள்.

பாட்டி: இப்போது வாங்குகிறார்களா?

பேரன்: பாதிப் பேர் கீபோர்டு அதிகம் என்கிறார்கள்.

பாட்டி: மீதிப் பாதி?

பேரன்: உன்னை மாதிரி. மீன்முள் அதிகம் என்கிறார்கள்.

(இருவரும் துணியின் ஓரத்தைத் தூக்கி, மாவை உருட்டத் தொடங்குகிறார்கள். டும் ஒன்றுக்கு ஒரு சுற்று. கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று பக்கத்து வீட்டுச் சுவரில் யாரோ கையால் ஓங்கித் தட்டுகிறார்கள்.)

பேரன்: ஐயோ, பக்கத்து வீட்டுத் தாத்தா. சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன்.

பாட்டி: துணியை விட்டாய் என்றால் தொலைத்துவிடுவேன்! ஆப்பிள் எல்லாம் தரைக்கு வந்துவிடும். இன்னும் எவ்வளவு நேரம்?

பேரன்: இது பத்து நிமிஷப் பாட்டு.

பாட்டி: அப்படியென்றால் அவசரம் இல்லை. உருட்டு.

(சுவரில் மறுபடியும் தட்டு. பாட்டி தலையைச் சாய்த்துக் கேட்கிறாள்.)

பாட்டி: தட்டட்டும்டா. இயந்திரத்தைவிட இவர் தாளம் தேவலை. அந்த இரண்டு பேருக்கும் ஆள் வேண்டுமா என்று கேள்.