இது கமரோன் இல்லை

(1979. ஸ்பெயினின் செவியா நகரில் ஓர் இசைத்தட்டுக் கடை. ஃபிளமெங்கோ பாடகர் கமரோனின் 'லா லெயெந்தா தெல் தியெம்போ' இசைத்தட்டு வெளிவந்த புதிது. ஜிப்சிப் பெரியவர் ஒருவர் அதன் உறையைக் கல்லாமேசையில் பொத்தென்று வைக்கிறார்.)

பெரியவர்: தம்பி, பணத்தைத் திருப்பிக் கொடு. இது கமரோன் இல்லை.

கடைக்காரர்: நீங்களுமா ஐயா? உறையில் அவர் முகம்தானே இருக்கிறது!

பெரியவர்: தாடிதான் இருக்கிறது. பெயரையும் பார். இத்தனை நாள் 'கமரோன் தெ லா இஸ்லா' என்று போட்டவன், இப்போது வெறும் 'கமரோன்'. சான் ஃபெர்னாந்தோ கொல்லன் பிள்ளை, ஊர்ப் பெயரான 'இஸ்லா'வையே கழற்றிவிட்டானே!

கடைக்காரர்: குரல் அதேதானே?

பெரியவர்: குரலைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சிறுவனாக வெந்தா தெ வர்காஸ் விடுதியில் அவன் பாடிக் கேட்டவன் நான். சிகிரியா என்கிற சோகப் பாட்டை எடுத்தால் தொண்டை கிழிவதுபோல் இருக்கும், சுருதி மட்டும் நழுவாது. அதற்குப் பாக்கோ தெ லூசியாவின் கிட்டார் போதாதா? 1969 முதல் சேர்ந்து 9 தட்டு போட்டார்களே!

கடைக்காரர்: இதில் தோமாத்தீத்தோ கிட்டார் வாசிக்கிறாரே.

பெரியவர்: கெட்டிக்காரப் பையன். அவனை டிரம்ஸுக்கும் மின்சார பேஸுக்கும் நடுவே உட்காரவைத்த பாவம் யாருடையது?

கடைக்காரர்: பாட்டுகளில் பல கவிஞர் லோர்காவின் வரிகள் ஐயா. நம் கிரனாதாக்காரர்.

பெரியவர்: அவர்மேல் எனக்கு வழக்கில்லை. ஆனால் அவருடைய தாலாட்டுக்குச் சிதார் வாசித்திருக்கிறார்கள். சிதார்! எந்தக் குழந்தை தூங்கும்?

கடைக்காரர்: உங்கள் முன்னோரே இந்தியாவிலிருந்து வந்தவர்கள்தானே?

பெரியவர்: வரும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்களே, காரணம் இல்லாமலா?

கடைக்காரர்: சரி, கொடுங்கள். (உறைக்குள் கைவிட்டுத் துழாவுகிறார்) தட்டு எங்கே?

பெரியவர்: மகன் தரமாட்டேன் என்கிறான். கதவைத் தாழிட்டுக்கொண்டு ராத்திரி பகலாக அதையே சுழலவிடுகிறான்.

கடைக்காரர்: வெறும் உறைக்குப் பணமா?

பெரியவர்: பணம் வேண்டாம். பாக்கோவோடு பாடிய பழைய தட்டு ஒன்று கொடு. சத்தமாக வைத்து அவனை அடக்குகிறேன்.

கடைக்காரர்: எல்லாம் தீர்ந்துவிட்டன. இதைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் அத்தனை பேரும் மாற்றாக அவற்றைத்தான் வாங்கிப் போனார்கள்.

பெரியவர்: அப்படியானால் உறையை இப்படிக் கொடு. வெறுமனே கிடந்தால் தட்டில் கீறல் விழுந்துவிடும்.