புண்ணு காயணும்னு சொல்றத இனியாவது விடுவோம்

சுகர் இருக்குறவங்க கால்ல புண்ணு வந்துட்டா வீட்ல வர்ற முதல் அட்வைஸ், "கட்டுப் போடாத, காத்தாட விடு, காஞ்சாதான் ஆறும்". கூடவே மஞ்சள், பவுடர், சில வீட்ல காபித்தூள் வேற. கேக்கும்போதெல்லாம் எனக்குப் பதறுது.

1962லயே லண்டன்ல ஜார்ஜ் வின்டர்னு ஒரு ஆராய்ச்சியாளர் பன்னித் தோல்ல சின்னச் சின்னக் காயம் பண்ணி, சிலத அப்படியே காத்துல விட்டாரு, சிலத பாலிதீன் ஷீட்டால மூடி வச்சாரு, மூடி ஈரமா இருந்ததுல புதுத்தோல் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகமா வந்துச்சு. காஞ்சு பொருக்கு கட்டிட்டா தோல் செல்லுங்க ஈரம் இருக்குற இடத்தத் தேடி அதுக்கு அடியில இறங்கிப் போகணும், ஈரம் மேலயே இருந்தா நேரா நகர்ந்து மூடிடும், அவ்ளோதான் விஷயம்.

ஹைட்ரோஜெல் இங்கதான் உதவுது. பாலிமர்னு சொல்ற நீளமான மூலக்கூறு சங்கிலிகள ஒண்ணோட ஒண்ணு கோத்த வலை, உள்ள பெரும்பாலும் தண்ணி. 1960ல பிராக்ல ஒட்டோ விக்டர்லே, லீம் ரெண்டு பேரும் இது உடம்புக்கு ஒத்துப்போகும்னு எழுதினாங்க, அதுலருந்துதான் சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸே வந்துச்சு. புண்ணுல தடவுனா செத்துப்போய்க் காஞ்ச தோலுக்குத் தண்ணி குடுத்து இளக வைக்கும், நம்ம உடம்போட என்சைமே அதக் கரைச்சு வெளிய தள்ளிடும். எடுக்கும்போது சலைன் (ஆஸ்பத்திரில வர்ற சுத்தமான உப்புத்தண்ணி) ஊத்துனா கழுவிக்கிட்டு வந்துடும்.

ஆனா நடக்குறது என்ன? காஞ்சு ஒட்டிப்போன காஸ் துணியப் பிச்சு எடுக்குறாங்க, அதோட செக்கச்செவேல்னு பொடிப்பொடியா ஒண்ணு ஒட்டிக்கிட்டு வருதே, அது அழுக்கு இல்லங்க, புதுசா வளர்ந்த சதை! சுகர்னால கால் மரத்துப் போனவங்களுக்கு வலிக்கவும் வலிக்காது, அதனால யாரும் நிறுத்தச் சொல்றதும் இல்ல.

எல்லாப் புண்ணுக்கும் ஜெல்னு நான் சொல்லல. நீர் நிறைய வடியுற புண்ணுக்கு உறிஞ்சுற ஃபோம், கடல்பாசிலருந்து செய்யுற ஆல்ஜினேட் மாதிரி டிரெஸ்ஸிங்தான் வேணும். ரத்த ஓட்டம் நின்னு காஞ்சு கருத்த விரல்ல ஈரமே படக்கூடாது, உடனே டாக்டர்ட்ட ஓடணும். சுகர் கன்ட்ரோல்ல இல்லாம, புண்ணு மேல எடைய வச்சு நடந்துக்கிட்டே இருந்தா எந்த ஜெல்லும் ஒண்ணும் பண்ணாது.

இன்னைக்கு லேப்ல தானா சேர்ந்து நார் வலையா மாறுற பெப்டைடு (குட்டிப் புரதத் துண்டு), சூட்டுக்கு ஏத்த மாதிரி மருந்து விடுற ஜெல்லுன்னு அருமையான வேலையெல்லாம் நடக்குது, நடக்கட்டும், எனக்கும் சந்தோஷம்தான். அறுபது வருஷத்துக்கு முன்னாடி தெரிஞ்சதே இன்னும் எத்தனையோ டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்து சேரலையேங்கிறதுதான் என் ஆத்தாமை. தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021லருந்து சுகர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்குது, பெரிய விஷயம். அந்தப் பைல ஒட்டாத டிரெஸ்ஸிங்கும் ஒரு ஜெல் ட்யூபும் சேர்த்து, வர்றவங்களே பாதத்தையும் ஒரு தடவ பாத்துட்டுப் போனா எத்தனை பேரோட விரல் தப்பிக்கும்!

அதுவரைக்கும், வீட்ல யாருக்காவது கட்டுப் பிரிக்கும்போது கூட இருங்க. துணி ஒட்டியிருந்தா சலைன் ஊத்தி நல்லா ஊற வச்சு எடுக்கச் சொல்லுங்க, நர்ஸ் அக்காகிட்ட இதக் கேக்குறதுல ஒரு தப்பும் இல்ல.