கல்லூரி இல்லை, படிவம் ஆறு

மலேசியாவில் படிவம் ஐந்தின் இறுதியில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவு வந்ததிலிருந்து என்னைப் பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எந்தக் கல்லூரி? என்ன படிக்கப் போகிறாய் என்பதுகூட அதற்குப் பிறகுதான் வருகிறது. கோவிலில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள், எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கி ஐந்தாம் மாடிக்கு ஏறுவதற்குள் கேட்டுவிடுகிறார்கள். படிவம் ஆறு, அதாவது பள்ளியிலேயே தொடர்ந்து எஸ்டிபிஎம் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தகுதித் தேர்வு எழுதப் போகிறேன் என்று சொன்னதும் முகம் வாடிவிடுகிறது. அவர்கள் முகம்தான், என் முகம் நன்றாகவே இருக்கிறது. "ஏன்மா, முடிவு சரியாக வரவில்லையா?" என்று குரலைத் தாழ்த்தி விசாரிக்கிறார்கள். ஆறு பாடத்தில் ஏ என்கிறேன். "அப்புறம் ஏன் இன்னும் பள்ளிக்கூட உடுப்பு?"

ஒவ்வொருவரிடமும் விளக்கி அலுத்துவிட்டது. ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

படிப்பால் பயன் இல்லை என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. கைப்பேசியைத் திறந்தால் அந்தக் கூட்டம்தான் வரிசையில் நிற்கிறது. பளபளக்கும் ஒரு காரில் சாய்ந்துகொண்டு, பட்டம் வெறும் காகிதம், நான் படிக்காமலே சம்பாதிக்கிறேன் என்கிறார் ஒருவர். அந்த ரகசியத்தைக் கற்றுத்தர அவரே வகுப்பு நடத்துகிறார், அதற்குக் கட்டணமும் வாங்குகிறார். இன்னொரு வகையினர் பட்டம் வாங்கி, நல்ல வேலையில் அமர்ந்து, வீட்டுக் கடனையும் பாதி அடைத்த பிறகு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை என்று எழுதுகிறவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

என் பாட்டி பினாங்கின் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டில், அதாவது தோட்டத்து ஆள்கணக்கு வரிசையில் நின்று, பெயர் கூப்பிடக் காத்திருந்த காலத்தை இப்போதும் சொல்வார். அவருடைய கதைகளில் ராஜாவும் மந்திரியும் கிடையாது, தோட்டத்து எழுத்தரான கிராணிதான் உண்டு. கிராணி மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மழை பெய்தாலும் அவருக்குச் சம்பளம் உண்டு. மரம் சீவுகிறவருக்கு மழை நாளில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போ என்று பாட்டி சொல்லும்போது அவர் அந்த மழை நாள்களைத்தான் நினைத்துக்கொள்கிறார். ஆகவே, கல்லூரி என்றதும் பெரியவர்களின் கண்கள் விரிவதை நான் கேலி செய்ய மாட்டேன்.

அப்பா அடுத்த படி. எஸ்பிஎம் முடித்ததும் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்து, டெக்னீஷியன் ஆனார். 1972-இல் அங்கே தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கி, இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்து இறங்கியிராவிட்டால் எங்கள் குடும்பம் எங்கே இருந்திருக்கும் என்று தெரியவில்லை. அப்பா பார்ப்பது சில்லுகளில் தலைமுடியைவிட மெல்லிய கம்பியைப் பொருத்தும் இயந்திரங்கள். சத்தத்தை வைத்தே எது கெட்டுப்போகிறது என்று சொல்லிவிடுவார். வீட்டு மின்விசிறியிலும் அதே வித்தையைக் காட்டுவார்.

ஓர் இரவு வேலையில் கம்பிகள் வரிசையாக ஒட்டாமல் போயின. வெப்பத்தையும் அழுத்தத்தையும் எவ்வளவு மாற்ற வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியும். ஆனால் அந்த அளவுகளைத் தொடுவதற்குப் பொறியாளரின் ஒப்புதல் வேண்டும். பொறியாளர் காலையில்தான் வருவார். காலையில் வந்த பொறியாளர், வேலைக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகாத பையன், அப்பாவிடமே வேலை கற்றுக்கொண்டவன், மரியாதையாக "அங்கிள், என்ன அளவு வைக்கலாம்?" என்று கேட்டு, அப்பா சொன்ன எண்ணை எழுதிக் கையெழுத்திட்டான். அப்பா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கையெழுத்துப் போடும் உரிமை எனக்கு வேண்டும். நான் பொறியாளராகப் போவதில்லை, இயற்பியலுக்கும் எனக்கும் அவ்வளவு உறவு இல்லை. ஆனாலும் எந்தத் துறைக்குப் போனாலும் அந்த உரிமை பட்டத்தோடுதான் வருகிறது என்பதை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவள் நான். பட்டம் வேண்டும். அதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

அதற்கு என்ன விலை கொடுப்பது என்பதில்தான் எனக்கும் என் சொந்தக்காரர்களுக்கும் சண்டை.

முடிவு வந்த வாரத்தில் ஒரு பேரங்காடியில் நடந்த கல்விக் கண்காட்சிக்கு அப்பாவும் நானும் போனோம். ஒரு தனியார் கல்லூரியின் மேசையில் ஓர் அக்கா, நல்ல தமிழில், "வாங்க அண்ணா, உட்காருங்க" என்று தண்ணீர்ப் புட்டி கொடுத்து உபசரித்தார். அடித்தளப் படிப்பும் வணிக நிர்வாகப் பட்டமும் சேர்த்து 78,000 வெள்ளி (ரிங்கிட்). அந்த எண்ணை அவர் வாயால் சொல்லவே இல்லை, கணிப்பானில் தட்டி அப்பாவின் பக்கம் திருப்பிக் காட்டினார். பிறகு உபகாரச் சம்பளம் என்று கொஞ்சம் கழித்தார், அன்றே பதிவு செய்தால் என்று இன்னும் கொஞ்சம் கழித்தார், இலவச மடிக்கணினி உண்டு என்றார். மீதிக்குப் பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் இருக்கிறது, அதுவும் போதாவிட்டால் ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் படிப்புக்குப் பணம் எடுக்க அனுமதி உண்டு, கவலைப்படாதீர்கள் என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் அப்படி ஒரு கனிவு. இந்தப் படிப்பை முடித்தவர்கள் இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டேன். நிறையத் துறைகளில் இருக்கிறார்கள் என்றார். சரிதான், பட்டியல் கிடையாது.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். கடன் உண்டு, சேமநிதியில் எடுக்கலாம், எல்லாம் உண்மை. ஆனால் அந்தச் சேமநிதி அப்பாவின் இருபத்து சொச்சம் ஆண்டு இரவு வேலை. அவர் ஓய்வு பெற்ற பிறகு சாப்பிட வேண்டிய பணம். அதை எடுத்து என் அடித்தளப் படிப்புக்குக் கட்டிவிட்டு, அவருடைய அறுபதாவது வயதில் நான் எதைக் கொண்டு அவரைப் பார்த்துக்கொள்வேன்?

கடனைப் பாருங்கள். 1997-இல் பிடிபிடிஎன் வந்திருக்காவிட்டால் நம்மில் பலர் பல்கலைக்கழக வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கடன் கடன்தான். 30,000 வெள்ளி வாங்கிப் பத்து ஆண்டில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுச் சேவைக் கட்டணத்தைச் சேர்க்காமலே மாதம் 250 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. படிப்பை முடித்துவிட்டு அந்த 1,700-ஐச் சுற்றியே வேலை கிடைத்தால்? அப்படி நடக்காது என்று சொல்லாதீர்கள். என் பெரியப்பா மகள் ஒரு தனியார் கல்லூரியில் பட்டயம் முடித்தவர். இன்று ஒரு கடையின் முகப்பில் நிற்கிறார். அவரோடு நிற்கும் பெண் எஸ்பிஎம்மோடு நிறுத்தியவர். இருவருக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அக்காவுக்குத் தவணை மட்டும் கூடுதலாக இருக்கிறது. பட்டமளிப்புப் படம் கூடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில், தங்கநிறச் சட்டத்தில் தொங்குகிறது. பெரியம்மா வாரம் தவறாமல் அதைத் துடைக்கிறார்.

இது என் பெரியப்பா வீட்டில் மட்டும் நடப்பது அல்ல. புள்ளிவிவரத் துறையின் பட்டதாரிகள் அறிக்கையை யாரும் இணையத்தில் படிக்கலாம். வேலையில் இருக்கும் பட்டதாரிகளில் மூன்றில் ஒருவருக்கும் மேல் தங்கள் தகுதிக்குக் கீழான வேலையில் இருக்கிறார்கள். அதே அறிக்கையில்தான் பட்டம் பெற்றவரின் சம்பளம் பட்டயம் பெற்றவருடையதைவிட நன்றாகவே உயர்ந்திருப்பதும் தெரிகிறது. சொந்தக்காரர்கள் இரண்டாவதை மட்டும் படிக்கிறார்கள், கார்க்காரர் முதலாவதை மட்டும் படிக்கிறார். மருத்துவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் அதற்கு மேல் ஒரு படிப்பு உண்டா? 2016-இன் இறுதியிலிருந்து புதிய அரசாங்க மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் சேர்க்கப்பட்டார்கள். 2021 ஜூலையில் அவர்கள் மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து வேலைநிறுத்தம் செய்தபோது நான் படிவம் ஒன்றுகூட முடிக்கவில்லை. பெருந்தொற்று நேரத்தில் டாக்டர்களே வேலை நிரந்தரம் கேட்டுப் பதாகை பிடிக்கிறார்களே என்று தொலைக்காட்சிக்கு முன்னால் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

இனி படிவம் ஆறு. அரசாங்கப் பள்ளி, மூன்று பருவம், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. செலவு என்று பார்த்தால் பஸ் கட்டணமும் புத்தகமும் மதியச் சாப்பாடும்தான். எஸ்டிபிஎம் சான்றிதழை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்றுக்கொள்கின்றன. அதன் பிறகு அரசாங்கப் பல்கலைக்கழகம் கிடைத்தால் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. 78,000 எங்கே, இது எங்கே! இவ்வளவு மலிவாக ஒரு வழி இருக்கும்போது நம் ஆட்கள் ஏன் அதை இழவு வீட்டுச் செய்தி போலக் கேட்கிறார்கள் என்று யோசித்தேன். மலிவாக இருப்பதுதான் காரணம் என்று தோன்றுகிறது. பணம் கட்டினால்தான் அவர்களுக்குப் படிப்பு, கட்டாமல் படித்தால் பிள்ளைக்கு வேறு வழி கிடைக்கவில்லை என்று பொருள். அதோடு, பதினெட்டு வயதில் சீருடை போட்டுக்கொண்டு மணி அடித்தால் எழுந்து நிற்பவளைப் பற்றிக் கல்யாண வீட்டில் பெருமையாக என்ன சொல்வது?

இந்த வழியில் பள்ளம் இல்லை என்று சொல்லவில்லை. எஸ்டிபிஎம் கடினம். மெட்ரிகுலேஷன் என்ற அரசாங்கப் பல்கலைக்கழக முன்னோடிப் படிப்பு ஒரே ஆண்டில் முடிந்துவிடும், ஆனால் அங்கே தொண்ணூறு விழுக்காடு பூமிபுத்ராக்களான மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடியினருக்கும், பத்து விழுக்காடு மற்ற எல்லாருக்கும் என்ற ஒதுக்கீடு பல ஆண்டுகளாக இருக்கிறது. 2024-இல் பிரதமர் பத்து ஏ எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று அறிவித்தார். நல்ல அறிவிப்பு, ஆறு ஏக்காரிக்கு அதனால் பயன் இல்லை. பல்கலைக்கழக நுழைவில் மீண்டும் ஒரு தொண்ணூறு பத்து வருகிறது, தேர்வுக்குத் தொண்ணூறு, விளையாட்டு, கழகம் போன்ற புறப்பாடத்துக்குப் பத்து. இந்த நாட்டில் எனக்கு இந்த எண்களோடு ஏதோ ஜாதகப் பொருத்தம் இருக்கிறது. எல்லாம் நன்றாகச் செய்தும் கேட்ட துறை கிடைக்காமல் போகலாம், ஆண்டுதோறும் அப்படி அழுகிறவர்கள் இருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் நான் இழப்பது ஒன்றரை ஆண்டு. அப்பாவின் சேமநிதி அப்படியே இருக்கும். இந்தப் பந்தயத்தை என்னால் தாங்க முடியும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது என் வகுப்புப் பையன்கள். எந்தக் கல்லூரி என்று அவர்களை யாரும் கேட்பதுகூட இல்லை. பலர் எந்த விண்ணப்பமும் போடவில்லை. மோட்டார் சைக்கிளுக்குத் தவணை போட்டு உணவு விநியோகத்துக்குப் போய்விட்டார்கள். இன்றைக்குக் கையில் பணம் நடமாடுகிறது, என்னைவிட வசதியாக இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் முப்பது வயதில் இதே மோட்டாரில் இதே கூலிதானே? முதலாளி கட்டும் சேமநிதியும் இல்லை. மழை பெய்தால் பாட்டியின் கதைதான்.

இவர்களைப் பல்கலைக்கழகத்துக்குப் போ என்று நான் சொல்லவில்லை. நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை என்ற தமிழர் பெயரைத் தாங்கிய அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. பெர்மாத்தாங் பாவில் பாலிடெக்னிக் இருக்கிறது. பாயான் லெப்பாசில் 1989-இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தில் அப்பாவே குறுகிய காலப் பயிற்சிக்குப் போயிருக்கிறார். மலேசியத் திறன் சான்றிதழ் ஒன்றிலிருந்து மூன்று நிலை வரை, அதற்கு மேல் நான்காம் நிலையில் பட்டயம், ஐந்தாம் நிலையில் உயர் பட்டயம் என்று ஏணி தெளிவாகவே இருக்கிறது. தமிழர் பெயரில் கழகம் இருந்து என்ன, நம் வீட்டுப் பையன்களுக்கு அந்த விண்ணப்பத்தை நீட்டியவர் யார்? கைத்தொழில் என்றால் படிக்காதவன் என்று பெயர் வைத்துவிட்டோம். அந்தப் பெயருக்கு அஞ்சி ஒருவன் கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்குப் போகிறான், இன்னொருவன் எங்குமே போவதில்லை.

தனியார் கல்லூரியே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. சில துறைகளுக்கு அதுதான் வழி, சிலருக்கு முழு உபகாரச் சம்பளம் கிடைக்கிறது. போகிறவர்கள் மலேசியத் தகுதிகள் முகவையின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கல்லூரியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, அந்தக் குறிப்பிட்ட படிப்பே இருக்க வேண்டும்.

நான் பொருளியல், வரலாறு, தமிழ் எடுக்கிறேன். பொது அறிவுத் தாள் கட்டாயம், அதையும் சேர்த்து நான்கு பாடம். அம்மா ஏற்கெனவே பாவாடைக்கு அளவெடுத்துவிட்டார். பாட்டிக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை, படிவம் ஆறில் மின்விசிறி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

இதைப் படிப்பவர்களிடம் இரண்டு கேட்க வேண்டும். தனியார் கல்லூரியில் படித்த அண்ணன்மார், அக்காமார், கல்லூரியின் பெயர் வேண்டாம், என்ன படித்தீர்கள், மொத்தம் எவ்வளவு ஆனது, இப்போது மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று மட்டும் கீழே எழுதுங்கள். அடுத்த ஆண்டு எஸ்பிஎம் எழுதும் தம்பி தங்கைகள் படிக்கட்டும். எஸ்டிபிஎம் பொருளியல் பழைய வினாத்தாள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பட்டர்வொர்த், பிறை பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். முதல் பருவத்துக்கு உரியது இருந்தால் இன்னும் நல்லது.