வெள்ளிக்கிழமை காணாமல் போகும் விமானம்

(சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீடு. நியூயார்க்கிலிருந்து மகள் டிக்கெட் அனுப்பியிருக்கிறாள்.)

கணவர்: மங்களம், நியூயார்க் ஒன்றும் அவ்வளவு தூரமில்லை. நள்ளிரவையொட்டி ஏறுகிறோம்; விடிகிற நேரத்தில் இறங்கிவிடுகிறோம். ஆறே மணி நேரம்!

மனைவி: சென்னைக்கே நான்கு மணி நேரம் ஆகிறது. அமெரிக்காவுக்கு ஆறா?

கணவர்: டிக்கெட்டில் போட்டிருக்கிறதே.

மனைவி: இறங்குவது அந்த ஊர் நேரம். கோடையில் அவர்கள் நம்மைவிடப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். அதையும் கூட்டுங்கள்.

கணவர்: ஆறும் பன்னிரண்டும்... ஐயோ, பதினெட்டா?

மனைவி: அதற்கு மேலேயும் ஆகும். நேராக அளந்தாலே 15,300 கிலோமீட்டருக்கு மேல்.

கணவர்: இந்தத் தீவில் பஸ் ஓட்டியவன் நான். கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்கு ஐம்பது கிலோமீட்டர். அப்படியென்றால் முந்நூறு நடை! நடுவில் டீ குடிக்க நிறுத்த மாட்டார்களா?

மனைவி: நிறுத்தாமல் போகத்தான் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கிற விமானம். பாரம் கூடாது என்று 161 இருக்கைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். சாதாரண வகுப்பே கிடையாது.

கணவர்: அப்படியானால் டிக்கெட் விலை?

மனைவி: மருமகன் ஏன் நம்மோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார் என்று நினைக்கிறீர்கள்?

கணவர் (சுவரிலுள்ள உலகப் படத்தில் அடிக்கோலை வைத்து): நியூயார்க் மேற்கே இருக்கிறது. விமானம் ஜப்பான் பக்கம் போகும் என்கிறாள் உன் மகள். விமானிக்கு வழி தெரியுமா?

மனைவி: பூமி உருண்டை. குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது, அதனால் எந்தப் பக்கம் போனாலும் பெரிய வித்தியாசமில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று வீசும். அது பின்னாலிருந்து தள்ளினால் நேரம் மிச்சம். போகும்போது பசிபிக், திரும்பும்போது பல நாள்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழி.

கணவர்: போவதும் கிழக்கே, வருவதும் கிழக்கேயா? உலகத்தையே சுற்றி வருகிறோம்! அப்படிச் சுற்றிய முருகனுக்கே மாம்பழம் கிடைக்கவில்லை.

மனைவி: அப்படியானால் பிள்ளையார் மாதிரி என்னை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டிலேயே இருங்கள்.

கணவர் (திரும்பும் டிக்கெட்டைப் பார்த்து, முகம் மலர்ந்து): மங்களம்! வியாழன் இரவு பத்தரைக்கு ஏறி, சனி விடியற்காலை ஐந்துக்கு இறங்குகிறோம். நடுவில் வெள்ளிக்கிழமையே இல்லை! விரதமும் இல்லை. கோழிதான்.

மனைவி: அங்கே வியாழன் இரவு பத்தரை என்றால் இங்கே என்ன நேரம்?

கணவர்: வெள்ளி... காலை பத்தரை.

மனைவி: நம் வீட்டு விரதம் எந்த ஊர்க் கணக்கு?

கணவர்: சிங்கப்பூர்க் கணக்கு. (யோசித்து) சரி, நள்ளிரவு தாண்டினால் சனி பிறந்துவிடுகிறதே! கடைசி ஐந்து மணி நேரம் என்னுடையது.

மனைவி: இரண்டு வேளைக்கும் சைவம் என்று காலையிலேயே பதிவு செய்துவிட்டாள் மகள்.