வீட்டுத் திரையில் நிற்பவை முகங்கள்தான்

'அடலசன்ஸ்' தொடரின் மூன்றாவது எபிசோடை நேற்று இரவு இரண்டாம் முறையாகப் பார்த்தேன். ஒரு அறை, ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு பேர். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பதின்மூன்று வயதுப் பையன், அவனைப் பற்றி அறிக்கை எழுத வந்திருக்கும் பெண் உளவியலாளர். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இவர்கள் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் பார்ப்பதற்கென்றே பிறந்த கதை என்றால் அது அறைக்குள் நடக்கும் கதைதான் என்று சில மாதங்களாகவே தோன்றிக்கொண்டிருந்தது. இந்த எபிசோட் அதை உறுதி செய்துவிட்டது.

2025-இல் வந்த இந்தத் தொடரில் நான்கே எபிசோடுகள். ஒவ்வொன்றும் ஒரே ஷாட், நடுவில் கட் கிடையாது. இதைக் கேட்டபோது வித்தை காட்டப்போகிறார்கள் என்று பயந்தேன். மூன்றாவது எபிசோடில் கேமரா இருப்பதே பத்து நிமிடத்தில் மறந்துபோகிறது. கட் இருந்தால் நமக்கு மூச்சு விட ஒரு இடைவெளி கிடைக்கும். பையன் திடீரென்று கத்தும்போது வேறொரு முகத்துக்குத் தாவித் தப்பிக்கலாம். இங்கே அந்தப் பெண்ணுக்கும் வழியில்லை, நமக்கும் இல்லை. பையனாக வரும் ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு, அதிலும் முதலில் படமாக்கியதே இந்த எபிசோடைத்தான். நடுவில் அவன் கொட்டாவி விடுவான். உளவியலாளராக வரும் எரின் டோஹர்ட்டி சட்டென்று "நான் போரடிக்கிறேனா?" என்று கேட்பார். நிஜமாகவே வந்த கொட்டாவி, அந்த இடத்திலேயே வந்த கேள்வி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பார்த்தபோது அந்தக் காட்சி இன்னும் பிடித்துப்போனது. கடைசியில் அவனை இழுத்துப் போன பிறகு, அவன் கடித்துவிட்டு வைத்த சாண்ட்விச் மேசையில் கிடக்கும். அதை எடுக்கப் போய் அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். வசனமே இல்லை. முழுத் தொடரும் அந்தக் கைக்குள் இருக்கிறது.

அப்புறம் அதே வேகத்தில் '12 ஆங்ரி மென்' படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 1957-இல் வந்தது, சிட்னி லூமெட்டின் முதல் படம். அவர் தொலைக்காட்சியிலிருந்து வந்தவர். இந்தக் கதையும் 1954-இல் தொலைக்காட்சி நாடகமாக ஒளிபரப்பானதுதான். ஒரு பையன் மீதான கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள், பூட்டிய அறை, வெயில் கொளுத்தும் மதியம். பதினோரு பேர் பையன் குற்றவாளி என்கிறார்கள், ஒருவர் மட்டும் பேசிப் பார்க்கலாம் என்கிறார். இந்த முறை கேமராவை மட்டும் கவனித்தேன். ஆரம்பத்தில் அது ஆட்களின் கண் மட்டத்துக்கு மேலிருந்து பார்க்கிறது. பிறகு கண் மட்டத்துக்கு வருகிறது. கடைசிப் பகுதியில் கீழிருந்து பார்க்கிறது, அறையின் கூரையே தெரிகிறது. லென்ஸையும் படிப்படியாக மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள், அதனால் பின்சுவர் ஆட்களை நெருங்கி வந்துவிட்டது போலிருக்கும். அறை நம் கண்ணெதிரே சுருங்குகிறது, ஆனால் எந்த இடத்தில் சுருங்கியது என்று விரல் வைக்க முடியாது. அறுபது வருடத்துக்கும் மேலான கறுப்பு வெள்ளைப் படம், சின்னத் திரையில் ஒரு குறையும் இல்லாமல் நிற்கிறது.

'பிரேக்கிங் பேட்' பார்த்தவர்களில் பாதிப் பேர் 'ஃப்ளை' எபிசோடைத் திட்டுவார்கள். மூன்றாவது சீசன், பத்தாவது எபிசோட். போதை மருந்து தயாரிக்கும் லேபுக்குள் ஒரு ஈ வந்துவிடுகிறது, வால்டரும் ஜெஸ்ஸியும் அதைத் துரத்துகிறார்கள், வேறு கதை நகரவில்லை என்பது புகார். பட்ஜெட் கையைக் கடித்ததால்தான் ஒரே செட்டில் முடிக்கும்படி எழுதினார்கள் என்பது உண்மை. ஆனால் வால்டர் தூக்க மயக்கத்தில், தான் காப்பாற்றாமல் சாகவிட்ட ஜெஸ்ஸியின் காதலி ஜேனைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். ஜெஸ்ஸி ஏணியின் உச்சியில் தள்ளாடிக்கொண்டு நிற்கிறான், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் வால்டர். உண்மை அவர் உதடு வரை வந்துவிட்டது. துப்பாக்கி இல்லாமல், துரத்தல் இல்லாமல் இவ்வளவு பதற்றமா! இதை இயக்கிய ரயன் ஜான்சன்தான் பின்னால் எல்லோரும் கொண்டாடிய 'ஒசிமாண்டியாஸ்' எபிசோடையும் இயக்கினார். என்னைக் கேட்டால் 'ஃப்ளை'யை அதன் பக்கத்திலேயே வைப்பேன்.

சரி, பிரம்மாண்டம் வீட்டில் என்ன ஆகிறது? 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசனின் 'தி லாங் நைட்'. ஐம்பத்தைந்து இரவுகள் படப்பிடிப்பு நடத்திய போர் அது. 2019-இல் ஒளிபரப்பானபோது இருட்டில் எதுவுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்கக் கூச்சல். பலருடைய டிவி செட்டிங் சரியில்லை என்றார் ஒளிப்பதிவாளர். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழுப் பழியையும் பார்ப்பவர் மீது போடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இணையம் வழியாக வரும் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். அப்படிச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது இருட்டின் நுணுக்கங்கள்தான். கறுப்புக்குள் இருக்கும் பல சாயல்கள் ஒன்றாகிக் கட்டம் கட்டமாகத் தெரியும். பெரும்பாலானவர்கள் வீட்டில்தான் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்தே எடுத்த எபிசோட் இது. அத்தனை பேர் அத்தனை இரவுகள் பட்ட பாடு கண்ணுக்குத் தெரியாமல் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

செட்டிங் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சினிமா ஒரு நொடிக்கு 24 பிரேம். பல புது டிவிகள் நடுவில் தாங்களாகவே பிரேம்களை உருவாக்கிச் செருகி, அசைவை வழவழப்பாக்கிவிடுகின்றன. எந்தப் படத்தைப் போட்டாலும் ஸ்டுடியோ சீரியல் போலத் தெரிந்தால் காரணம் அதுதான். 'மோஷன் ஸ்மூத்திங்' என்பார்கள் இதை, மெனுவுக்குள் தேடி அணைத்துவிடுங்கள். 2018-இல் டாம் குரூஸே இதற்காக ஒரு வீடியோ வெளியிட்டார். வசனம் காதில் விழாத பிரச்சினையும் இப்படித்தான். சரவுண்ட் ஒலிக்காகக் கலக்கப்பட்ட படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குரியது. இரண்டே ஸ்பீக்கருள்ள டிவியில் அது இசையோடும் வெடிச்சத்தத்தோடும் சேர்ந்து அமுங்கிவிடுகிறது. தெரிந்த மொழியாக இருந்தாலும் நான் சப்டைட்டில் போட்டுத்தான் பார்க்கிறேன்.

படத்தை வெட்டுகிறவர்கள் மீது இதைவிடக் கோபம். பழைய தொடர்கள் அகலம் குறைந்த 4:3 சட்டத்தில் எடுக்கப்பட்டவை. திரை நிறைய வேண்டும் என்று மேலும் கீழும் நறுக்கி அகலத் திரைக்குப் பொருத்தித் தருகிறார்கள். 'சைன்ஃபெல்ட்' 2021-இல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது, சாலைப் பள்ளத்தைப் பற்றிய எபிசோடில் அந்தப் பள்ளமே சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

'செர்னோபில்' ஐந்தே எபிசோடுகள். அதில் என்னை உலுக்கியது வெடிப்பு இல்லை, கடைசி எபிசோடின் நீதிமன்றக் காட்சி. சிவப்பு அட்டை, நீல அட்டை, ஒரு பலகை. விஞ்ஞானி லெகாசோவ் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே அணு உலை எப்படி வெடித்தது என்று விளக்குகிறார். வகுப்பறையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. உண்மையான லெகாசோவ் அந்த விசாரணையில் இல்லவே இல்லை. கோம்யுக் என்ற பெண் விஞ்ஞானியும் பல விஞ்ஞானிகளைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரம். இதைச் சொல்லிவிட்டுத்தான் நான் மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன், நடந்த சம்பவம் என்று நம்பிப் பார்ப்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

'சுழல்', 'வதந்தி' இரண்டும் 2022-இல் வந்தவை, இரண்டுக்கும் முதல் சீசனில் எட்டு எபிசோடுகள். இரண்டையும் விரும்பித்தான் பார்த்தேன். 'வதந்தி'யில் ஒவ்வொருவர் சொல்லும்போதும், கொலையான வெலோனி வேறொரு பெண்ணாகிக்கொண்டே போவது நல்ல யோசனை. ஆனால் இரண்டுமே ஆறு எபிசோடில் முடிந்திருந்தால் இறுகியிருக்கும். நடுவில் ஒரு சந்தேகம், அதைக் கலைக்க ஒரு எபிசோட், திரும்பவும் இன்னொரு சந்தேகம். அந்த நேரத்தில்தான் கை தானாகப் போனைத் தேடுகிறது.

'கைதி'யைத் தியேட்டர் படம் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டில் பார்த்தபோது சண்டைகள் ஒரு படி இறங்கிவிட்டன, லாரிக்குள் டில்லி தன் கதையைச் சொல்லும் இடம் பல படி ஏறிவிட்டது. ஃபிளாஷ்பேக் காட்டவில்லை. கார்த்தியின் முகமும் குரலும் மட்டும். வேறொரு இயக்குநராக இருந்தால் அங்கே ஒரு பாட்டே வைத்திருப்பார்.

கடைசியாக 'வீடு'. 1988, பாலு மகேந்திரா. பாடல்கள் கிடையாது, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசை பின்னணியில் வரும். சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பேத்தி கட்டிக்கொண்டிருக்கும், இன்னும் முடியாத வீட்டைத் தனியாகப் பார்க்க வருவார். பூசாத சுவர்களுக்கு நடுவே மெல்ல நடந்து ஒவ்வொரு அறையாகப் பார்ப்பார். அவசரமே இல்லாத நடை. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவேன், வீட்டில் யாராவது பேச்சுக் கொடுத்தால் "ஒரு நிமிஷம் இரு" என்பேன்.