பூச்சி பறக்கிறது என்றேன், ஏழு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்

ஒரு வியாழக்கிழமை இரவு குளியலறையில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிரே வெள்ளை டைல்ஸ். வலது பக்கம் ஒரு கொசு. கையை வீசி விரட்டினேன், போகவில்லை. கண்ணைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பியது. நான் நிறுத்திய பிறகும் அது மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் மிதந்து போய், அப்புறம் நின்றது. அப்போதுதான் கொசு சுவரில் இல்லை, என் கண்ணுக்குள் இருக்கிறது என்று புரிந்தது.

மறுநாள் காலையில் ஒரு கொசு ஒரு கூட்டமாகியிருந்தது. கரித்தூள் தூவிய மாதிரி வலது கண்ணில் மட்டும் சின்னச் சின்னப் புள்ளிகள். இதோடு இன்னொன்றும் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டுத் தலையைத் திருப்பினால், கண்ணின் ஓரத்தில் யாரோ கேமரா ஃப்ளாஷ் அடித்த மாதிரி ஒரு கீற்று. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன்.

கண் மருத்துவரின் கிளினிக்குக்கு போன் போட்டேன். இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இவர்கள் மொழியில் வீட்டு ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிப்பேன், ஆபீசில் கூட்டம் நடத்துவேன், தேவைப்பட்டால் சண்டையும் போடுவேன். ஆனால் உடம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் தானாகத் தமிழுக்குப் போய்விடுகிறது. அங்கே எடுத்ததை அப்படியே இந்த மொழிக்கு மாற்றிச் சொன்னேன்: "கண்ணில் பூச்சி பறக்கிறது."

அந்தப் பக்கம் ஒரு நொடி மௌனம். "பூச்சி உள்ளே போய்விட்டதா?"

"இல்லையில்லை, பூச்சி மாதிரி."

"வலி இருக்கிறதா? சிவந்திருக்கிறதா?"

"இல்லை."

"ஏற்கனவே எங்களிடம் வருபவரா?"

அதற்கும் இல்லை. ஏழு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 8.40க்குத் தேதி கொடுத்தார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். நன்றி வேறு சொன்னேன் என்பதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோழி ஒருத்தியிடம் வேறு எதையோ பேசும்போது பேச்சோடு பேச்சாக இதையும் சொன்னேன். அவள் கண்ணாடிக் கடையில் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தருபவள். சட்டென்று குரல் மாறியது. எந்த நாள் ஆரம்பித்தது, ஒரேயடியாக வந்ததா மெல்ல மெல்ல வந்ததா, இருட்டில் மின்னல் அடிக்கிறதா, ஓரத்தில் திரை இறங்குகிற மாதிரி எங்கேயாவது மறைக்கிறதா, உன் பவர் எவ்வளவு. மைனஸ் ஆறு என்றேன். "இதையெல்லாம் அவர்களிடம் சொன்னாயா?" என்றாள். அவர்கள் கேட்கவில்லையே என்றேன். நீயும் சொல்லவில்லையே என்றாள்.

மின்சார பில்லின் பின்பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னாள். வலது கண், வியாழக்கிழமை இரவிலிருந்து, திடீரென்று வந்த நிறைய மிதக்கும் புள்ளிகள், கூடவே மின்னல் கீற்று, மைனஸ் ஆறு கிட்டப்பார்வை, இன்னும் திரை எதுவும் இல்லை. அவ்வளவுதான். திங்கட்கிழமை அதே எண்ணுக்குக் கூப்பிட்டேன், அதே குரல். பில்லைப் பார்த்து வாசித்தேன். "ஒரு நிமிடம்" என்று வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வந்து, "பதினொரு மணிக்கு வர முடியுமா? வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள்" என்றார்.

கண் அதே கண்தான். மாறியது ஒரு வாக்கியம். ஏழு மாதம் மூன்று மணி நேரமாகச் சுருங்கிவிட்டது.

கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டார்கள். அரை மணி நேரத்தில் கையில் இருந்த படிவத்தின் எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. மருத்துவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். மேலே பார், வலது மேலே பார், வலது, வலது கீழே. ஒன்பது வருடம் பேசிய மொழிதான், ஆனாலும் பயத்தில் வலது இடது குழம்பி இரண்டு முறை எதிர்ப்பக்கம் பார்த்தேன். அவர் பொறுமையாக விரலால் கன்னத்தைத் தொட்டு, இந்தப் பக்கம் என்றார். விழித்திரையின் ஓரத்தில் குதிரை லாட வடிவில் ஒரு கிழிசல். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் பாகு போன்ற பொருள் வயது ஆக ஆகச் சுருங்கி, விழித்திரையைவிட்டுப் பிரியும். பெரும்பாலானவர்களுக்கு வெறும் புள்ளிகளோடு போய்விடும். சிலருக்கு அது பிரியும்போது விழித்திரையையும் சேர்த்து இழுத்துக் கிழித்துவிடும். இழுபடும்போது தெரிவதுதான் அந்த மின்னல். கிழிசல் வழியாக நீர் பின்னால் புகுந்தால் விழித்திரை சுவர்க் காகிதம் மாதிரி உரிந்துகொண்டு வரும். அதுதான் அந்தத் "திரை". உரிதல் நடுப்பகுதியைத் தொடுவதற்கு முன்னால் ஆபரேஷன் செய்தால் பார்வை பெரும்பாலும் தப்பிக்கும், தொட்டுவிட்டால் ஒட்ட வைத்தாலும் பழைய கூர்மை திரும்புவது சந்தேகம்.

எனக்கு உரியவில்லை. அன்றைக்கே கிழிசலைச் சுற்றி லேசர் வைத்தார்கள். பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது, நடுநடுவே பல் நரம்பைத் தொட்ட மாதிரி ஒரு சுருக். பத்து நிமிடம் இருக்கும்.

இதை எழுதுவது என் கண்ணைப் பற்றிச் சொல்ல மட்டும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. டொரொன்டோக்காரர் சொல்வார், ஃபிராங்ஃபர்ட்காரர் சொல்வார், லண்டன்காரர் சொல்வார்: கண் டாக்டரைப் பார்க்க ஆறு மாதம், எட்டு மாதம், இங்கே எல்லாம் இப்படித்தான். சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். காத்திருப்பு ஏதோ அந்த நாட்டுத் தட்பவெப்பம் மாதிரி.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டாக்டர்கள் போதவில்லை என்பது உண்மை. வயதானவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், கண்புரையும் கண் நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமாவும் விழித்திரை மையச் சிதைவும் அவர்களோடு சேர்ந்து கூடுகின்றன. மையச் சிதைவுக்கு ஊசி போட ஆரம்பித்தால் ஒரே நோயாளி மாதக் கணக்கில், வருடக் கணக்கில் திரும்பத் திரும்ப வர வேண்டும். இங்கிலாந்தில் ரெஃபரலிலிருந்து, அதாவது முதலில் பார்த்த மருத்துவர் பரிந்துரைத்து அனுப்பியதிலிருந்து, 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது, பல ஆண்டுகளாக அது எட்டப்படவில்லை. இதெல்லாம் சரி. ஆனால் இந்த வரிசை ரேஷன் கடை வரிசை இல்லை, முதலில் வந்தவருக்கு முதலில் என்று. அவசரத்தைப் பார்த்து முன்னே பின்னே நகர்த்துகிற வரிசை. நகர்த்துவது யார்? பெரும்பாலும் போன் எடுப்பவர். அவர் கண்ணைப் பார்ப்பதில்லை, சொல்லைத்தான் கேட்கிறார். அவர் காதுக்குப் பழகிய சில சொற்கள் விழுந்தால் கதவு திறக்கும், விழாவிட்டால் காலண்டர் திறக்கும்.

இந்த இடத்தில்தான் நாம் அடிபடுகிறோம். கண்ணைப் பற்றித் தமிழில் எத்தனை சொல் வைத்திருக்கிறோம் பாருங்கள். உறுத்துகிறது, கூசுகிறது, எரிகிறது, மங்குகிறது, இருட்டுகிறது, பொங்குகிறது, பீளை தள்ளுகிறது, பூச்சி பறக்கிறது. இதில் பூச்சி பறப்பதைப் பசி மயக்கத்துக்கும் சொல்வோம், அது வேறு குழப்பம். ஒவ்வொன்றும் தனித்தனி நோய்க்குறி. எல்லை தாண்டியதும் இத்தனையும் ஒரே வாக்கியமாகிவிடுகிறது: "கண்ணில் கொஞ்சம் பிரச்சினை." அதிலும் அந்தக் "கொஞ்சம்" இருக்கிறதே, அது நம் மரியாதை. புது இடத்தில் யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நாமே சேர்த்துக்கொள்வது. போன் எடுப்பவர் அதை மரியாதையாகக் கேட்பதில்லை, அளவாகக் கேட்கிறார்.

நண்பர் வீட்டில் நடந்தது இது. அவருடைய அம்மா பேரனைக் கூட்டிக்கொண்டு கிளினிக் போயிருக்கிறார். பையனுக்குப் பத்து வயது. பாட்டி சொன்னது: "கண்ணு முன்னாடி திரை போட்ட மாதிரி இருக்குடா." பையன் அந்த ஊர் மொழியில் சொன்னது: கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறதாம். நல்லவேளை, போய்ப் பார்த்தபோது அது கண்புரைதான். வேறொன்றாக இருந்திருந்தால், கதவைத் திறக்க வேண்டிய அந்த ஒரே சொல் பாட்டி வாய்க்கும் கவுன்டருக்கும் நடுவில் விழுந்து போயிருக்கும். பையன் மேல் தப்பில்லை. பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக நிறுத்திய பெரியவர்கள் மேல் கொஞ்சம், அப்படி நிற்க விட்ட கிளினிக் மேல் நிறைய. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் கட்டணம் இல்லாமல் ஏற்பாடு செய்து தர வேண்டும். அங்கேயே இருக்கும் எத்தனை பேர் வாய் திறந்து கேட்டிருக்கிறோம்?

ஒவ்வொரு நாட்டிலும் ஏதோ ஒரு பக்கவழி இருக்கத்தான் செய்கிறது. ஜெர்மனியில் இருப்பவர்கள் 116117 என்ற மருத்துவச் சேவை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு சிறப்பு மருத்துவர் நேரம் பிடித்துத் தருவது அவர்கள் பொறுப்பு, கண் மருத்துவருக்கு ரெஃபரல்கூட வேண்டாம். மருத்துவரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, தூரமாகவும் கிடைக்கலாம், அது வேறு. ஸ்காட்லாந்தில் கண்ணில் எது வந்தாலும் முதலில் ஆப்டோமெட்ரிஸ்டிடம்தான் போக வேண்டும், 2006 முதல் அந்தப் பரிசோதனை இலவசம். அவர் பார்த்துவிட்டு எழுதும் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு நம் போன் பேச்சுக்கு இல்லை. எந்த நாடாக இருந்தாலும் திடீர்ப் பார்வையிழப்பு, திரை, வலியோடு சிவந்து மங்கும் கண், கான்டாக்ட் லென்ஸ் போடுபவருக்கு வலிக்கும் கண், கண்ணில் தெறித்த ரசாயனம், இவற்றுக்கெல்லாம் அப்பாயின்ட்மென்ட் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. நேராக அவசரப் பிரிவுதான். ரசாயனம் என்றால் அதற்கும் முன்னால் தண்ணீர்க் குழாய், நிறைய நேரம்.

வரிசையைச் சுருக்கவே முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேலை செய்யும் வயதினரின் பார்வையிழப்புக்குப் பல பத்தாண்டுகளாக முதல் காரணமாக இருந்தது சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்புதான். 2014இல் வெளியான ஆய்வு 2009-10 கணக்கைப் பார்த்தபோது அது முதலிடத்தில் இல்லை. சர்க்கரை நோயாளிகள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விழித்திரையைப் படம் எடுக்கும் திட்டம் நடுவில் வந்திருந்தது. அதற்கும் அதில் பங்கு இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். படம் எடுக்க டாக்டர் வேண்டாம். படத்தில் கோளாறு இருப்பவர் மட்டும் டாக்டரிடம் போனால் போதும். நோயாளி சரியான சொல்லைச் சொல்வார் என்று யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. அதே மாதிரி, போன் எடுப்பவர் முன்னால் என் தோழி கேட்ட ஐந்து கேள்வியை ஒரு தாளில் ஒட்டி வைக்க எவ்வளவு செலவாகும்? என் கோபமெல்லாம் அந்தத் தாள் இல்லாததன் மேல்தான். அந்தப் பெண் மேல் இல்லை. அவரிடம் சரியாகச் சொன்னபோது மூன்று மணி நேரத்தில் உள்ளே விட்டவரும் அவர்தான்.

சொல்லே கைகொடுக்காத நோயும் இருக்கிறது. குளுக்கோமாவின் பெரும்பாலான வகையில் தொடக்கத்தில் வலி கிடையாது, மங்கல் கிடையாது, பார்வை ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டு வரும். போனது திரும்பாது. அது இருப்பது தெரிந்தவர்களுக்கு ஆபத்து முதல் அப்பாயின்ட்மென்டில் இல்லை, தள்ளிப்போகும் மறுபரிசோதனையில் இருக்கிறது. "உங்கள் தேதி மாற்றப்பட்டுள்ளது" என்று கடிதம் வரும், நாமும் சரி என்று ஃபிரிட்ஜில் ஒட்டி வைப்போம். இரண்டாம் முறை தள்ளினால் போன் செய்து, எனக்கு இத்தனை மாதத்துக்குள் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்று சொல்லுங்கள். அப்புறம் அந்தப் பார்வைப் பரப்புச் சோதனைத் தாள்களின் நகல் எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும். குளுக்கோமாவில் ஒரு தாள் எதையும் சொல்லாது, அடுத்தடுத்த தாள்களை வைத்துப் பார்த்தால்தான் தேய்வது தெரியும். நாடு மாறுகிறவர்கள் இதைத்தான் முதலில் தொலைக்கிறார்கள்.

"ஊருக்குப் போகும்போது பார்த்துக்கலாம்" என்பது நம் எல்லோருக்கும் பிடித்த வாக்கியம். கண்ணாடி மாற்றவும் கண்புரையைக் காட்டவும் அது சரிதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் விழித்திரைக் கிழிசல் டிக்கெட் விலை இறங்கும் வரை காத்திருக்காது. விழித்திரை உரிந்து ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு நிரப்பினார்கள் என்றால், அது கரையும் வரை விமானம் ஏறவே கூடாது. மேலே போனால் வாயு விரிந்து கண்ணழுத்தம் எகிறிவிடும். ஊரும் இல்லை, அப்பாயின்ட்மென்டும் இல்லை என்று நடுவில் நிற்க வேண்டியதுதான்.

அந்த ஏழு மாதத் தேதி போன செவ்வாய்க்கிழமை வந்தது. அதை ரத்து செய்ய மறந்தே போயிருந்தேன். இரண்டு நாள் முன்னால் நினைவூட்டல் குறுஞ்செய்தி வந்ததும் கூப்பிட்டு, வேண்டாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். அதே குரல்தான். "அந்தப் பூச்சி போய்விட்டதா?" என்று கேட்டார். இரண்டு மூன்று இன்னும் பறக்கின்றன, பழகிவிட்டது என்றேன்.

மின்சார பில் இன்னும் என் பர்சில் இருக்கிறது. அதன் கீழே வேறு சில வாக்கியங்களும் சேர்ந்திருக்கின்றன. கூசுவதற்கு, மங்குவதற்கு, இருட்டுவதற்கு எல்லாம் எழுதிவிட்டேன். உறுத்துவதற்கு மட்டும் இன்னும் சரியான சொல் சிக்கவில்லை. நீங்கள் இருக்கும் நாட்டில் அதை எப்படிச் சொல்லிச் சமாளிக்கிறீர்கள்?