மெர்சென் அப்படி நிரூபிக்கவே இல்லை

“எந்தப் பகா எண்ணை அடுக்காக வைத்து 2-ஐ அத்தனை முறை பெருக்கி, விடையில் 1-ஐக் கழித்தாலும் பகா எண்ணே கிடைக்கும், இதை 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் துறவி மாரின் மெர்சென் நிரூபித்தார்” என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

பென்சிலும் தாளும் போதும். அடுக்கு 2, 3, 5, 7 வரை சரியாக வரும். 11-இல் உடைந்துவிடும்: 2047 என்பது 23 × 89. மெர்சென் பிறப்பதற்கு முன்பே, 1536-இலேயே, இது அச்சில் வந்துவிட்டது.

1644-இல் அவர் சொன்னது வேறு. 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே பகா எண் தரும் என்றார். நிரூபணம் எதையும் தரவில்லை. அந்தப் பட்டியலிலும் பிழைகள் உண்டு. 67-உம் 257-உம் தேறாதவை. 61, 89, 107 விடுபட்டவை. 67-க்குரிய எண்ணின் காரணிகள் 193707721, 761838257287 என்று 1903-இல் அமெரிக்கக் கணிதவியலர் ஃபிராங்க் நெல்சன் கோல் பெருக்கியே காட்டினார்.

இதனால் மெர்சென் சிறியவராகிவிடவில்லை. அறிவியல் இதழ்களே இல்லாத அந்தக் காலத்தில் ஃபெர்மா போன்ற கணிதவியலர்களின் கண்டுபிடிப்புகள் பாரிஸில் இருந்த அவருடைய மடத்து அறைக்குக் கடிதங்களாக வந்து, அங்கிருந்தே மற்றவர்களைச் சென்றடைந்தன.